மேற்கு விறாந்தைக்கு ஒரு மறைப்பு

"ஆகஸ்ட் 10, சனி. விடியற்காலையிலிருந்தே கச்சான் காற்று. மச்சி நீலத்தோடு இன்னொரு மஞ்சள் துண்டைச் சேர்த்தாள். கடப்பாசி இறுகவில்லை. கோப்பையில் ஊற்றிக் குடித்தோம்."

கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிற குறிப்பு இது. கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. அன்றைய காற்று, சமையல், வந்து போனவர்கள் என்று இரண்டு மூன்று வரி எழுதி, வருடம் முடிந்ததும் நூலால் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். புத்தளத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். திகதி இல்லாத ஞாபகத்தை எனக்கு அவ்வளவாக நம்ப முடிவதில்லை. என்னுடையதாக இருந்தாலும் சரி.

மச்சி என்று நான் எழுதுவது என் நானாவின், அதாவது அண்ணனின், மனைவியை. அவளும் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட ஒரு வயது இளையவள். ஆலங்குடாவில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள், ஒன்று அவர்களுடையது, மற்றது என்னுடையது. என் கணவர் மௌத்தான பிறகு அடுப்பு ஒன்றாகிவிட்டது. இரண்டு குசினி இருந்தும் ஒன்றில்தான் புகை வரும்.

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் பக்கம் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேற்கே கடல், கிழக்கே களப்பு என்கிற உப்பங்கழி, நடுவில் நாங்கள் இருக்கிற மணல். கச்சான் காற்று கடல் பக்கமிருந்து வந்து அந்த மணலைக் கிளப்பும். கொடியில் போட்ட சட்டை கிளிப்போடு சேர்ந்து அடுத்த வளவுக்குப் போய்விடும். கிடுகு வேலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சோற்றை மென்றால் பல்லில் நறநறவென்று ஏதோ கடிபடும். எல்லா வருடமும் இப்படித்தான். ஆனால் அந்த வருடம் காற்றோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்குள்ளும் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது.

காரணம் எளிது. மச்சி ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நானாவும் நானும் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தவர்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. நானாவுக்கு மீசை அரும்பிய வயது. மச்சி இந்த ஊர்ப் பிள்ளை. நாங்கள் இங்கே வந்து சில வருடங்களுக்குப் பிறகு நானா அவளைக் கலியாணம் செய்தார். அவர்களுடைய ஒரே மகள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மன்னாரில் வாப்பாவின் காணியில் நானா கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார். கல் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம் என்று இழுபட்ட வீட்டுக்கு ஒருவழியாகக் கூரை போட்டாயிற்று. ஹஜ் பெருநாள் முடிந்த கையோடு நானா அங்கே போய்விட்டார். மழைக்கு முதல், ஆகஸ்ட் முடிவதற்குள் மச்சியும் வந்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மச்சி மாட்டேன் என்று சொல்லவில்லை. "மச்சிட மேக்கு விறாந்தைக்கு ஒரு மறைப்புத் தச்சிக் குடுத்துட்டு வாறன்," என்று நானாவிடம் சொன்னாள். "நான் போன பொறகு அவ மண்ணத்தான் தின்னுவா."

துணி கிடைத்தது மாம்புரி அக்காவால். கடற்கரையில், வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாட வந்து தங்குகிற விடுதியொன்றில் அவர் துணி துவைக்கிறார். காற்றுக் காலத்தில் பட்டங்கள் கிழியும். ஒட்டுப் போட்டும் சரிவராதவற்றை விடுதிக்காரர்கள் குப்பையில் போடுவார்கள். அக்கா அவற்றை உரப்பையில் திணித்து, தலவில் தேவாலயத் திருநாள் நெரிசலில் பஸ்ஸுக்குள் இடிபட்டு, எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டினார். நீலம், மஞ்சள், ஒருவித இளம் பச்சை, ஓரங்களில் கறுப்பு. மடித்தால் சரசரவென்று சத்தம் போடும்.

"வெள்ளக்காரன் வானத்துல பறந்த துணி," என்றார் அக்கா. "நீங்க மண்ணுக்கு மறைப்புக் கட்டப் போறீங்க."

"வானத்துல பறந்து என்னத்தக் கண்டது? கிழிஞ்சிதானே வந்திரிக்கி," என்றாள் மச்சி.

அந்தத் துணியோடு பழகுவதே ஒரு தனி வேலை. முதல் நாள் நான் பருத்தித் துணிக்குச் செய்வதுபோல இரண்டு துண்டையும் குண்டூசியால் குத்திக் கொடுத்தேன். குண்டூசியை எடுத்த பிறகும் ஓட்டை அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது வரிசையாக நட்சத்திரம்போலத் தெரிந்தது. இந்தத் துணியில் ஊசி போன இடம் மூடாது. ஒரு தையலைப் பிரித்தால் அது பிரிந்த இடம் காலத்துக்கும் தெரியும். மச்சி துணியை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இத்தின புத்தகம் வாசிச்சீங்களே மச்சி, இது ஒண்டுலயும் எழுதல்லயா?"

அதற்குப் பிறகு குண்டூசிக்குப் பதில் உடுப்புக் கிளிப் போட்டோம். நான் கிளிப் போட்டு நீட்ட, அவள் காலால் மெசினை மிதிக்க, துணி வழுக்கிக்கொண்டு ஓடும். மிக மெல்லிய ஊசி, நீளமான தையல். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, உருகிவிடும். மடிப்பை நகத்தால் கீறித்தான் படிய வைக்க வேண்டும். மீந்த சின்னத் துண்டுகளில் என் கண்ணாடிக்கு ஓர் உறை, சவர்க்காரம் வைக்க ஒரு பை, தேங்காய் துருவுகிற திருவலையின் வாய்க்கு ஒரு தொப்பி. அந்தத் தொப்பியைப் பார்த்து இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்கச் சிரித்தோம். இதையும் குறித்து வைத்திருக்கிறேன்: "ஆகஸ்ட் 6. திருவலைக்குத் தொப்பி. சிரிப்பு." ஏன் அவ்வளவு சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

மெசின் நின்றால் அவளுடைய கை சீனிப் போத்தலுக்குப் போகும். அந்த மாதம் எங்கள் வீட்டில் இனிப்பு இல்லாத நாள் இல்லை. பெரிய பலகாரங்கள் எதுவும் கிடையாது. அவற்றுக்கு அடுப்படியில் நிலையாக நிற்க வேண்டும், அது அவளால் அந்த நாட்களில் ஏலவில்லை. சவ்வரிசியை அவித்துத் தேங்காய்ப்பால் விட்டு மேலே கித்துள் பாணி. வாழைப்பழத்தை வெட்டி டின்பாலில் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்தது. பாலில் நனைத்த பிஸ்கட்டை அடுக்கடுக்காகப் போட்டு நடுவில் பட்டரும் கொக்கோவும் தடவிய புடிங். செய்வாள், எனக்கு ஒரு கோப்பை தருவாள், தனக்கு எடுக்காமலே மெசினுக்குத் திரும்புவாள்.

"கொஞ்சம் இரிங்களன்," என்று நான் சொன்னால், "கை சும்மா இருந்தா மனசு கதைக்குது மச்சி," என்பாள்.

கடப்பாசி, கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைக்கிற இனிப்பு, இறுகாமல் போனதும் இந்த அவசரத்தால்தான். கடையில் வாங்குகிற வெள்ளை நாரில் செய்தால் தவறாது. ஆனால் காற்றுக் காலத்தில் களப்பு ஓரமாகப் பாசி ஒதுங்கும். அதை அள்ளி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவி, மறுபடி காயவைத்து என்று செய்தால் செம்மண் நிறம் போய் வெளுத்து வரும். அதைக் காய்ச்சி வடித்தாலும் கடப்பாசி வரும். மச்சியின் உம்மா வீட்டில் அப்படித்தான். பாசி பாதி வெளுத்திருக்கும்போதே அவள் சட்டியில் போட்டுவிட்டாள். இறுகவில்லை, குடித்தபோது கடல் வாசம் வேறு. மிச்சப் பாசியை நான் தகரத்தில் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே பழைய வலைத்துண்டு ஒன்றைப் போட்டு மறுபடியும் வெயிலில் வைத்தேன்.

விறாந்தையின் மேற்குப் பக்கம் ஒன்பது அடி அகலம். நானே அளந்து கொடுத்தேன். இரண்டாம் கிழமையே துணி ஒன்பது அடியைத் தாண்டிவிட்டது. மூன்று ஓரமும் மடித்துத் தைத்தாயிற்று. நாலாவது ஓரம் மட்டும் திறந்து கிடந்தது. அதை மடித்துவிட்டால் வேலை முடிந்துவிடும். மச்சி அந்த ஓரத்தோடு புதுத் துண்டைச் சேர்ப்பாள். சேர்த்த துண்டின் வெளி ஓரம் இப்போது நாலாவது ஓரம்.

"இன்னும் ஒரு வரிச போட்டா நல்லா இரிக்கும்," என்பாள். "மஞ்சள் குறைவா தெரியல்ல?"

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த மஞ்சள் துண்டுக்குக் கிளிப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் துணி முடியக் கூடாது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அவள் போனால் இந்த வளவில் காற்றும் நானும்தான். அதே நேரத்தில், அவள் போகாமல் இருக்க நான் காரணமாகிவிடவும் கூடாது. நானாவின் முகத்தை நான் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசிக்க எடுத்த புத்தகத்தின் அதே பக்கத்தில் மூன்று நாள் நின்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நானா எனக்கு அழைப்பெடுப்பார். மச்சியோடு வேறாகக் கதைப்பார், என்னோடு வேறாக.

"தங்கச்சி, மறைப்பு முடிஞ்சுதா?"

"ஒரு ஓரம் மிச்சம் நானா."

"போன கிழமையும் ஒரு ஓரம்தானே மிச்சம்?"

"அது வேற ஓரம்."

அந்தப் பக்கமும் காற்றின் சத்தம் கேட்டது. அங்கேயும் அதே கச்சான்தான்.

"கிணறு இறைச்சாச்சு. குசினிக்குக் கதவு போட்டாச்சு. பக்கத்து வீட்டு ஆக்கள் கேக்கினம், மனுசி எங்க எண்டு. நான் என்ன சொல்ல? தைக்கிறா எண்டா?"

"நான் அவவோட கதைக்கிறன்."

"நீ என்னத்தக் கதைக்கிற? நீயே வராத ஆள்."

அது உண்மை. வாப்பாவின் காணியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எனக்கு இங்கேதான் வீடு, இங்கேதான் கணவரின் கப்று. ஒருநாள்கூட என்னை யாரும் நெருக்கிக் கேட்டதில்லை. மச்சியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கேட்பதும் வாழ்த்துவதும் ஒரே மூச்சில். இரண்டாவது உரப்பையோடு வந்த மாம்புரி அக்கா கதிரையில் சாய்ந்து பிஸ்கட் புடிங் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"குடுத்து வச்ச ஆள் நீங்க தங்கச்சி. இத்தின வருசத்துக்குப் பொறகு சொந்த ஊருக்குத் திரும்பிப் போறது லேசுப்பட்ட விசயமா?"

மச்சி அவருடைய கோப்பையை வாங்கி இன்னொரு துண்டு புடிங் வைத்தாள். "சாப்பிடுங்க அக்கா. இனிப்பு காணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். படலை திறக்கிற சத்தம் கேட்டது. நானா. மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி, புத்தளத்தில் இறங்கி, அங்கிருந்து திரீவீலில் வந்திருக்கிறார். வருவதாகச் சொல்லவில்லை. ஒரு கையில் கருவாட்டுப் பொதி, மற்றக் கையில் சின்னச் சின்ன ஓலைக் குட்டான்களில் பனங்கட்டி. மச்சி சிரித்தாள். கண்ணில் ஒரு பதற்றமும் இருந்தது. அவருடைய பையை வாங்கும்போது விறாந்தைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். மெசினிலிருந்து தரைவரைக்கும் துணி கிடந்தது.

சாப்பிட்ட பிறகு அவள் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனாள். தகரத்தில் இருந்த பாசி அதற்குள் பஞ்சுபோல வெளுத்திருந்தது. "இண்டைக்கி இறுகும்," என்றாள். பனங்கட்டியைக் கரைத்து வடித்தோம். பாசியை மெல்லிய நெருப்பில் கரைய விட்டு, சீலைத் துணியில் வடித்து, தேங்காய்ப்பாலைத் திரையாமல் கடைசியில் விட்டோம். ஏலக்காய் இரண்டு. அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். கையை எடுக்கவே இல்லை. தட்டில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, அஸர் தொழுது, மறுபடி தொட்டுப் பார்த்தபோது விரல் பதியவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள். அந்த மாதத்தில் அவள் முகத்தில் நான் கண்ட ஒரே ஆறுதல் அதுதான் என்று நினைக்கிறேன்.

தட்டோடு விறாந்தைக்கு வந்தோம். நானா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துணி. கையில் அவருடைய வலை ஊசி. எங்கே போனாலும் சட்டைப் பையில் அது இருக்கும். எங்கள் கடற்கரையில் ஆண்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எதிரில் கிழிந்த வலை கிடந்தால் யாருடையது என்று கேட்காமலே உட்கார்ந்து பொத்திவிடுவார்கள். அந்த மாதிரித்தான் இதையும் செய்திருக்கிறார். நாலாவது ஓரத்தை இரண்டாக மடித்து, நைலோன் நூலால் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தைத்து, கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானே மிச்சம்," என்றார் எங்களைப் பார்த்து. முகமெல்லாம் சந்தோசம். "இதுக்கா ஒரு மாசம்? நல்ல துணியப்பா. பாயாக் கட்டினா வள்ளம் பறக்கும்."

மச்சி தட்டைக் கதிரையில் வைத்தாள். குனிந்து அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு விரல் இடைவெளிக்கும் ஒரு முடிச்சு. வலைக்குப் போடுகிற அதே முடிச்சு.

"முடிச்சிட்டீங்க," என்றாள்.

"ஓம். ஒண்டும் அவிழாது."

"அவுத்தாலும் ஓட்ட மூடாது."

துணி அசிங்கமாகிவிட்டது என்று அவள் வருத்தப்படுவதாக நானா நினைத்தார். "தூரத்தில இருந்து பாத்தாத் தெரியாது," என்று சமாதானம் சொன்னார். மச்சி கத்தியை எடுத்துக் கடப்பாசியைச் சதுரம் சதுரமாக வெட்டினாள். ஓரம் சரியாக, நேராக விழுந்தது. மூன்று பீங்கானில் வைத்தாள். நானா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அப்ப நாளைக்கு வெளிக்கிடுவமா? இல்லாட்டித் திங்கள்?"

"எங்க?"

"எங்கயா? ஊருக்கு."

"இது என்ன இடம்?" என்றாள் மச்சி.

நானா பீங்கானைக் கீழே வைத்தார். மச்சி குரலை உயர்த்தவில்லை. அவள் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே கதைத்தாள்.

"எல்லாரும் எனக்குச் சொல்றாங்க, திரும்பிப் போறீங்க, திரும்பிப் போறீங்க எண்டு. மாம்புரி அக்காவும் சொல்றா. திரும்பிப் போறது நீங்க. நான் போறன், அவ்வளவுதான். ரெண்டு தரம் கண்ட ஊரு. ஒண்டு மய்யத்து வீடு, மத்தது கல்லு வச்ச நாள். திரும்புறதுக்கு நான் அங்க ஒண்டும் வச்சிட்டு வரல்ல."

"அப்ப வர மாட்டியா?"

"மாட்டன் எண்டு சொல்லல்ல. வாறன் எண்டும் சொல்லல்ல. நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல. சொல்றதுக்குள்ள நீங்க தச்சி முடிச்சிட்டீங்க."

நானா மடியில் கிடந்த துணியைப் பார்த்தார். "நான் துணியத்தானே தச்சன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. காற்று துணியின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் பீங்கான்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கழுவ வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நானாவும் வந்தார். வாளியை எடுத்தார், வைத்தார்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்தானே."

"நீங்க கேக்கல்ல நானா. மறைப்பு முடிஞ்சுதா எண்டுதானே கேட்டீங்க."

அவர் தலையாட்டினார். பிறகு, தென்னைகளைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஒரு பையோடதான் அவட ஊருக்கு வந்தன். இத்தின வருசம் இருந்தன்தானே," என்றார்.

அவர் சொன்னதும் சரி. அன்று இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது, அதுதான் சங்கடம். அன்றைய தாளில் நான் எழுதியிருப்பது: "கடப்பாசி இறுகியது." வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

மறுநாள் காலை, சுபஹுக்குப் பிறகு கண்ணயர்ந்து எழும்பி வெளியே வந்தேன். மச்சி மணலில் துணியை விரித்திருந்தாள். வளவின் பாதியை அது மூடியிருந்தது. நாலு மூலைக்கும் தேங்காய் வைத்திருந்தும் நடுப்பகுதி மூச்சு விடுவதுபோல எழும்பி எழும்பி அடங்கியது. அவள் கையில் பெரிய கத்தரிக்கோல்.

"இஞ்ச, வந்து பிடிங்க," என்று நானாவைக் கூப்பிட்டாள்.

"என்னத்துக்கு?"

"ரெண்டு விறாந்தை இரிக்கிதானே. ஒண்டு இஞ்ச, ஒண்டு மன்னாருல."

நானா ஒரு பக்கத்தை மிதித்து நின்றார். நான் மறுபக்கம். மச்சி குந்தி உட்கார்ந்து நடுவால் வெட்டிக்கொண்டு போனாள். நீலம், மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து மெல்லிய நூல்கள் உடனேயே பிரியத் தொடங்கின. துணி இரண்டானதும் நானாவின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போயிற்று.

"ஊசிய வைங்க," என்றாள் மச்சி. "இந்த ஓரத்த நான் தைக்கிறன். எப்ப எண்டு நான் சொல்றன்."

நானா கையை வெளியே எடுத்தார். வெறுங்கை. "சரி," என்றார். பிறகு, "அங்க கொஞ்ச நாள் இருந்து பாரு. மழை முடிய இஞ்ச வருவம். வந்து பாத்துட்டுக் கதைப்பம்," என்றார்.

"இன்ஷா அல்லாஹ்," என்றாள் மச்சி. நானா வைத்த முடிச்சுகள் இருந்த பாதியை எனக்கு விட்டு, மெசினில் தைத்த பாதியைத் தனக்கு எடுத்தாள். இதில் ஏதாவது யோசனை இருந்ததா, கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்கிழமை போனார்கள். திரீவீல் வந்து நின்ற பிறகும் மச்சி இரண்டு தரம் உள்ளே வந்தாள். ஒன்று மறந்த தஸ்பீஹ் மணியை எடுக்க. மற்றது எதற்கென்று தெரியவில்லை, குசினி வாசலில் நின்றுவிட்டுப் போனாள். தன் பாதியை ஒரு மாப்பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டாள். மெசினைக் கொண்டுபோகவில்லை. பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது என்றாள். அதுவும் உண்மைதான்.

"ஃபிரிட்ஜில பிஸ்கட் புடிங் இரிக்கி," என்றாள் திரீவீலுக்குள்ளிருந்து. "மூணு நாளைக்குள்ள சாப்பிடுங்க மச்சி. உங்களுக்கு எதையும் வச்சி வச்சிப் பாக்கிற பழக்கம்."

நானா சிரித்தார். நானும் சிரித்தேன். புடிங்கை ஐந்து நாள் வைத்திருந்தேன்.

என் பாதியை விறாந்தையில் நானே கட்டினேன். ஒன்பது அடிக்கு அது போதாது. ஒரு பக்கத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்த வழியால் மண் வருகிறது. வெட்டிய ஓரத்தை நான் தைக்கவில்லை. மெசின் அங்கேயே நிற்கிறது, நூலும் இருக்கிறது, ஆனாலும் தைக்கவில்லை. காற்றில் அந்த ஓரத்து நூல்கள் பிரிந்து நீளமாக ஆடுகின்றன. மாம்புரி அக்கா வந்தால் ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "ஒரு மணித்தியால வேலை, மடிச்சித் தச்சா என்ன?" என்று கேட்கிறார். தைக்கலாம் என்கிறேன்.

அக்டோபரில் காற்று திசை திரும்பியது. முதல் மழையும் விழுந்தது. மச்சி அழைப்பெடுத்தபோது, வீடு நல்லா இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடப்பாசி செய்து கொடுத்ததாகவும், அங்கே நல்ல பாசி கிடைக்கவில்லை, கடை நாரில்தான் செய்ததாகவும் சொன்னாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "துணி வெட்டின ஓரம் அப்படியேதான் இரிக்கி மச்சி. நூல் பிரியுது. தைக்கல்ல. உங்கட பக்கத்தயும் தச்சிராதீங்க."

அடுத்த வெள்ளி நானா எடுத்தார். இந்த முறை மறைப்பைப் பற்றிக் கேட்டது நான்தான்.

"அதுவா? அது எப்பவோ கட்டியாச்சே," என்றார். "நாலு பக்கமும் தச்சு, நல்ல வடிவா. அவதான் தச்சா. கையால, ராவுல இருந்து இருந்து."

நானாவுக்கு எல்லா ஓரமும் ஒரே மாதிரித் தெரிந்திருக்கலாம். அல்லது மச்சி தைத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருக்கலாம். அவளிடம் திரும்பக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று முடிந்துவிடும்போல இருந்தது. அன்றைய கலண்டர்த் தாளில் இரண்டையும் எழுதி வைத்தேன். மன்னார்ப் பாதியின் வெட்டிய ஓரம்: தைக்கப்படவில்லை, மச்சி சொன்னது. தைக்கப்பட்டுவிட்டது, நானா சொன்னது. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. எது சரி என்பது இதை எழுதுகிற இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.